மேக்பெத் நாடகத்தை வைத்து உவமையும் உருவகமும் நடத்துவது எப்படி?

கேள்வி இது: சேலத்தில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு வகுப்புக்கு மேக்பெத் நடத்துகிறார் ஓர் ஆசிரியர். பாதிப் பேர் அம்மாபேட்டை, இளம்பிள்ளை, ஜலகண்டாபுரம் பக்கத்துத் தறி வீட்டுப் பிள்ளைகள். சிலர் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். சிமிலி (உவமை), மெட்டஃபர் (உருவகம்), பெர்சானிஃபிகேஷன் (அஃறிணையை ஆளாக்கிப் பேசுவது) எல்லாவற்றுக்கும் வரையறை கேட்டால் ஒப்பிக்கிறார்கள். நாடகத்திலிருந்து ஒரு வரியைக் கொடுத்தால், ‘இது மெட்டஃபர்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள். இதற்கு மேல் அவர்களை எப்படிக் கொண்டு போவது?

பெயர் சூட்டும் வேலையைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே வரும். பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் அணியிலக்கணம் படித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார்கள். வராதது அதற்கடுத்த கேள்விதான்: இந்த உவமை ஏன் இந்த ஆளின் வாயில், இந்த நேரத்தில் வருகிறது? தனிக்கவிதையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பிள்ளைகள் திணறுவார்கள், ஏனென்றால் அங்கே பேசுபவர் பெரும்பாலும் கவிஞர் ஒருவர்தான். நாடகத்தில் ஒவ்வோர் உவமைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அவருக்கு ஒரு தேவையோ பயமோ இருக்கும். எதிரே ஒருவர் கேட்டுக்கொண்டு நிற்பார். சோக நாடகத்தில் இன்னொரு வசதி, ஆள் சீரழியச் சீரழிய அவன் பேசும் உவமைகளும் கூடவே மாறுவதைப் பார்க்கலாம்.

அதற்கு மேக்பெத் தோதான நாடகம். ஸ்காட்லாந்துத் தளபதி மேக்பெத், மனைவி தூண்ட, அரசன் டங்கனைக் கொன்று பட்டத்தைப் பிடித்து, சீரழிந்து சாகும் கதை. ஷேக்ஸ்பியரின் சோக நாடகங்களில் இதுதான் மிகச் சிறியது. 1606 வாக்கில் எழுதப்பட்டு, அவர் இறந்த பிறகு 1623-இல் வந்த தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சானது. கிளைக்கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. துணி, ரத்தம், இருட்டு, தூக்கம், பறவை, செடிகொடி என்று ஒரு சில பொருள்களே திரும்பத் திரும்பத் தலைகாட்டும். எல்லாவற்றையும் நடத்த ஆசைப்படாதீர்கள். ஒன்றை எடுத்து ஐந்து அங்கத்துக்கும் விடாமல் பின்தொடருங்கள். சேலத்து வகுப்புக்கு நான் எடுப்பது துணி.

முதல் அங்கம் மூன்றாம் காட்சியில் ஆரம்பியுங்கள். போரில் ஜெயித்துத் திரும்பும் மேக்பெத்தை வழியில் ராஸும் ஆங்கஸும் சந்திக்கிறார்கள். அரசர் டங்கன் உன்னைக் காடோர் பிரபுவாக்கியிருக்கிறார் என்று ராஸ் சொல்கிறான். மேக்பெத்தின் பதில்: காடோர் பிரபு உயிரோடுதானே இருக்கிறார், இரவல் அங்கியை ஏன் எனக்கு மாட்டுகிறீர்கள்? குகை ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வரியை விளக்க வேண்டியதே இல்லை. ராத்திரி முழுக்க ராமனாக வண்டியில் நின்றவர் விடிந்ததும் கிரீடத்தையும் கவசத்தையும் வாடகைக்கடையில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அந்தப் பட்டம் தன்னுடையது இல்லை என்று மேக்பெத்துக்கே அப்போது தெரிந்திருக்கிறது. கூடவே இன்னொன்றையும் கேட்டுவையுங்கள்: அந்த உடை யாருடையது? அரசனுக்குத் துரோகம் செய்து மரண தண்டனைக்குக் காத்திருப்பவனுடையது. மேக்பெத் முதன்முதலாக உடுத்துவதே ஒரு துரோகியின் உடை.

அதே காட்சியில் சற்றுத் தள்ளி மேக்பெத் தனக்குள் மூழ்கி நிற்கும்போது, நண்பன் பாங்க்கோ மற்றவர்களிடம் அதே துணியைத் தொட்டு ஒரு சமாதானம் சொல்கிறான். புதுப் பெருமையும் புதுச்சட்டை மாதிரிதான், போட்டுப் பழகினால்தான் உடம்புக்குப் படியும் என்கிறான். இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒருவன் இரவல் என்கிறான், மற்றவன் புதுசு என்கிறான். பாங்க்கோவின் கண்ணுக்கு அதில் தவறே தெரியவில்லை. அவன் நல்லவனா, வெள்ளந்தியா, தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறானா என்று வகுப்பு சண்டை போட ஆரம்பித்தால் விட்டுவிடுங்கள். உவமையை வைத்து ஆளை எடைபோடப் பழகுகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் அங்கம் ஏழாம் காட்சியில் டங்கனைக் கொல்ல வேண்டாம் என்று மேக்பெத் பின்வாங்குகிறான். அவன் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். எல்லோரிடமும் பொன்னான பெயர் வாங்கியிருக்கிறேன், பளபளப்புக் குறையாமல் இருக்கும்போதே அதை உடுத்திப் பார்க்க வேண்டும், இவ்வளவு சீக்கிரம் கழற்றி எறியக் கூடாது என்கிறான். கொலை பாவம் என்று மனைவியிடம் அவன் சொல்லவில்லை. அவள் உடனே அந்தத் துணியையே பிடித்துக்கொள்கிறாள். அப்படியானால் நீ உடுத்தியிருந்த நம்பிக்கை அப்போது குடித்துவிட்டா இருந்தது, தூங்கி எழுந்து இப்போதுதான் வெளிறிப் போய் முழிக்கிறதா என்று கேட்கிறாள். நம்பிக்கை அரை வரிக்குள் உடையாகவும் குடிகாரனாகவும் ஆகிவிடுகிறது. இதைக் கலப்பு உருவகம் என்று குற்றப் பட்டியலில் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது குற்றமாகத் தெரியவில்லை. கோபத்தில் புருஷனை மட்டம் தட்டும் பெண் உருவகம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டாள். வகுப்பில் இரண்டு பேரை நிறுத்தி இந்தச் சண்டையைத் தமிழில், அவரவர் வீட்டுப் பேச்சில் பேசச் சொல்லுங்கள். ‘அன்னைக்கு என்னா பேச்சுப் பேசுன, தண்ணி போட்டுட்டா பேசுன?’ என்று யாராவது ஒரு பெண் கேட்டுவிட்டால் அந்தக் காட்சியை அதற்கு மேல் நடத்தத் தேவையில்லை.

அப்புறம் இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சி. சேலத்தில் இந்த நாடகம் நடத்துபவர் நிதானமாக நிற்க வேண்டிய இடம் இதுதான். டங்கன் கொலை வெளிப்பட்டுவிட்டது. டங்கனின் காவலர்களை ஏன் வெட்டினாய் என்று மக்டஃப் பிரபு கேட்க, மேக்பெத் எல்லோர் முன்பும் பதில் சொல்கிறான். டங்கனின் வெள்ளித் தோலில் அவருடைய பொன் ரத்தம் சரிகை போட்டிருந்தது என்கிறான். காயங்கள் இயற்கையின் மதிலில் அழிவு நுழைந்த உடைப்புகள் போல இருந்தனவாம். கொலைகாரர்கள் என்று அவன் சொல்லும் அந்தக் காவலர்கள் தங்கள் தொழிலின் நிறத்தில் தோய்ந்து கிடந்தார்களாம். அவர்களுடைய கத்திகள் முறைகேடாக ரத்தத்தில் கால்சட்டை மாட்டியிருந்தனவாம்.

வீட்டில் பட்டுத்தறி ஓடும் பிள்ளைகளிடம் சரிகை என்றால் என்ன என்று கேளுங்கள். பட்டு இழைமேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி அதன்மேல் பொன்முலாம் பூசியது என்று சொல்வார்கள். வெள்ளிமேல் பொன். செத்துக் கிடக்கும் கிழவரைப் பார்த்து மேக்பெத் சொல்வதும் அதேதான். அவர்களுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும், வர வேண்டும்: நிஜமாகவே நெஞ்சு பதறிப்போனவன் இப்படியா பேசுவான்? முந்தின காட்சியில், கொன்ற கை ஈரம் காயாமல் மனைவியோடு தனியாக நின்றபோது அவன் பேச்சு முதலில் துண்டு துண்டாக இருந்தது. இங்கே நாலு பேர் பார்க்க, அலங்காரம் தடபுடலாக இருக்கிறது. அழகான உவமை எப்போதும் நல்ல உவமை என்றே நம் பாடநூல்கள் பழக்கியிருக்கின்றன. இந்த வரிகளில் அழகுதான் பொய்யைக் காட்டிக் கொடுக்கிறது. இதைச் சொல்லி முடித்ததும் லேடி மேக்பெத் என்னைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சரிகிறாள். மயக்கம் நிஜமா, புருஷன் உளறுவதை நிறுத்தச் செய்த உபாயமா என்பதை நாடகம் சொல்வதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அடுத்த காட்சியில் மக்டஃப் ஒரு வரி போடுகிறான். முடிசூட்டு விழா நடக்கும் ஸ்கோனுக்குப் போகாமல் தன் ஊரான ஃபைஃபுக்குக் கிளம்பும்போது, பழைய உடுப்பு புதியதைவிடச் சௌகரியமாக இருந்தது என்று ஆகிவிடாமல் இருக்கட்டும் என்கிறான். இதை ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சி முக்கியம். மேக்பெத்துக்கு எதிராகத் திரண்ட பிரபுக்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுக்கடங்காத தன் காரியத்தை ஆட்சி என்ற கச்சைக்குள் அவனால் இறுக்க முடியவில்லை என்கிறான் ஒருவன். இன்னொருவன், ராட்சசனின் அங்கியைத் திருட்டுக் குள்ளன் மாட்டியது போல அவன் பட்டம் அவன்மேல் தொளதொளவென்று தொங்குகிறது என்கிறான். இதைச் சொல்பவன் யார் என்று கேளுங்கள். ஆங்கஸ். முதல் அங்கத்தில் ‘இரவல் அங்கி’ என்று மேக்பெத் சொன்னபோது எதிரே நின்று அதற்குப் பதில் சொன்ன அதே ஆங்கஸ். நாடகம் முழுக்க அவனுக்கு இருக்கும் வசனம் மிகக் கொஞ்சம். ஷேக்ஸ்பியர் இதைத் திட்டமிட்டுத்தான் செய்தாரா என்பது நமக்கு வேண்டாம். மேடையில் ஒரே நடிகர் இரண்டு இடத்திலும் நிற்கும்போது பார்ப்பவனுக்கு இரண்டு அங்கியும் ஒட்டிக்கொள்ளும், அதுபோதும். பெரும்பாலான நோட்ஸ்களில் ஆங்கஸ் என்ற பெயரே இருக்காது, உவமை மட்டும் அந்தரத்தில் தொங்கும்.

இந்த ஓர் உவமையைப் பிரித்துப் பார்க்கத் தமிழ் வகுப்பிலிருந்தே கருவி கிடைக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்து உவமவியல் இப்படித் தொடங்குகிறது:

வினைபயன் மெய்உரு என்ற நான்கே
வகைபெற வந்த உவமத் தோற்றம்.

செயலால் ஒப்பிடலாம், அதனால் விளையும் பயனால் ஒப்பிடலாம், வடிவத்தால் ஒப்பிடலாம், நிறத்தால் ஒப்பிடலாம். ஆங்கஸின் உவமை இதில் எது? முதலில் எல்லோரும் மெய் என்பார்கள். சின்ன உடம்பு, பெரிய அங்கி. அப்படியே விடாதீர்கள். குள்ளன் என்று மட்டும் ஆங்கஸ் சொல்லவில்லையே, திருடன் என்றும் சொன்னானே? அப்போது வினையும் உள்ளே வந்துவிடுகிறது.

இது பெரிய விமர்சகர்களே மோதிக்கொண்ட இடம். கரோலின் ஸ்பர்ஜன் 1935-இல் இந்த உடை உவமைகளையெல்லாம் கோத்துக் காட்டினார். பெரிய உடைக்குள் அவமானப்பட்டு நிற்கும் சின்ன மனிதனாக மேக்பெத்தைக் காட்டுவதே இவற்றின் வேலை என்றார். கிளீன்த் புரூக்ஸ் 1947-இல் மறுத்தார். ஆள் சின்னவனா பெரியவனா என்பது பொருட்டில்லை, உடை அவனுடையது இல்லை, திருடியது, அதுதான் விஷயம் என்றார். ஸ்பர்ஜன் மெய்யைப் பிடித்தார், புரூக்ஸ் வினையைப் பிடித்தார் என்று சொல்லிப் பாருங்கள். முதலாண்டு மாணவருக்கும் அந்த விவாதம் இரண்டு நிமிடத்தில் புரியும். என் கட்சி புரூக்ஸ்தான். முதல் காட்சிகளில் மேக்பெத் சின்ன ஆளே இல்லை. போர்க்களத்தில் எல்லோரும் கொண்டாடிய வீரன். அவனைச் சிறியவனாக்கியது திருட்டு.

துணியின் கடைசி இடத்தில் உவமையே இருக்காது. ஐந்தாம் அங்கம் மூன்றாம் காட்சியில் மேக்பெத் கவசம் கொண்டுவா என்கிறான், இன்னும் தேவைப்படவில்லை என்று பணியாள் சேட்டன் சொன்ன பிறகும் மாட்டிவிடு என்கிறான், கொஞ்ச நேரத்தில் கழற்று என்கிறான், பின்னாலேயே எடுத்துக்கொண்டு வா என்கிறான். வார்த்தையில் இருந்த உடை நிஜப் பொருளாக மேடைக்கு வந்து, அதுவும் அவன்மேல் நிற்கவில்லை. ஒரு மாணவரிடம் அவருடைய அப்பா சட்டையையோ பெரிய மழைக்கோட்டையோ கொடுத்து இந்தக் காட்சியைப் படிக்கச் சொல்லுங்கள். பட்டனைப் போட்டுக்கொண்டும் கழற்றிக்கொண்டும் வசனத்தைச் சொல்ல வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கட்டும், ஆங்கஸும் ஏளனமாகத்தான் சொன்னான்.

இங்கேதான் இரண்டாவது கேள்வி பிறக்கிறது. பேச்சில் வரும் பொருள் எப்போதாவது மேடையில் நிஜமாக வருகிறதா? இதைச் சோதிக்க மெழுகுவர்த்தி நல்ல இழை. இரண்டாம் அங்கம் முதல் காட்சியில் நட்சத்திரம் இல்லாத வானத்தைப் பார்த்த பாங்க்கோ, மேலே சிக்கனம் பிடிக்கிறார்கள், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்கிறான். மூன்றாம் அங்கம் மூன்றாம் காட்சியில் அதே பாங்க்கோவைக் கொல்லும்போது நிஜப் பந்தம் அணைகிறது. யார் விளக்கை அணைத்தது என்று கொலைகாரர்களில் ஒருவன் கேட்கிறான். ஐந்தாம் அங்கம் முதல் காட்சியில் தூக்கத்தில் நடக்கும் லேடி மேக்பெத் கையில் நிஜ மெழுகுவர்த்தி. எப்போதும் பக்கத்தில் விளக்கு இருக்க வேண்டும் என்பது அவளுடைய கட்டளை என்கிறாள் பணிப்பெண். முதல் அங்கத்தில் இருட்டை வா வா என்று அழைத்தவள் அவள். கடைசியில் ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியில், அவள் செத்த செய்தி வந்ததும் மேக்பெத் வாழ்க்கையைச் சின்ன மெழுகுவர்த்தி என்கிறான், அணைந்துபோ என்கிறான். இந்த வசனத்தைத் தனியாக மனப்பாடம் செய்தவருக்கு அது தத்துவம். பாங்க்கோவின் பந்தத்தையும் அவள் கையில் இருந்த விளக்கையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு அது செத்துப்போன ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு.

ரத்தத்தை எல்லா வழிகாட்டி நூல்களும் நடத்திவிட்டன, அதனால் சுருக்கமாக. இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியில் கணவன் மனைவி பேச்சின் அளவை மட்டும் ஒப்பிடச் சொல்லுங்கள். அவனுக்கு ஒரு கடல் முழுக்கப் போதாது. கை கடலைச் சிவப்பாக்கிவிடும் என்கிறான். அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் போதும். அந்த வரியில் உருவகமே இல்லை. அந்தக் காட்சியில் ஜெயித்தது அந்த வெறும் பேச்சுதான். ஐந்தாம் அங்கத்தில், செய்யுள் போய் உரைநடையில் பேசிக்கொண்டு அலையும்போது, அரேபியாவின் வாசனைத் திரவியம் எல்லாம் சேர்ந்தாலும் இந்தச் சின்னக் கை மணக்காது என்கிறாள். மிகைப்படுத்தும் பழக்கம் கணவனிடமிருந்து அவளிடம் இடம் மாறிவிட்டது. இவ்வளவுதான், இதற்கு ஒரு வகுப்பு தாராளம்.

அந்த இரண்டாம் அங்கம் இரண்டாம் காட்சியிலேயே தூக்கத்துக்கு மேக்பெத் ஆறு உருவகம் அடுக்குகிறான்: கவலையின் சிக்கலான பட்டு நூலைச் சீராக்குவது, அன்றன்றைய வாழ்வின் சாவு, உழைப்பின் குளியல், புண்பட்ட மனதுக்குத் தைலம், இயற்கை பரிமாறும் இரண்டாம் சுற்று, வாழ்க்கை விருந்தின் முக்கிய உணவு. வீட்டில் நூல் சிக்கு எடுப்பது யார் என்று கேட்டால் பாட்டி என்று பாதி வகுப்பு சொல்லும். எவ்வளவு பொறுமை வேண்டும், இழுத்தால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே சொல்லட்டும். அதோடு நிறுத்தாமல், கையில் ரத்தக் கத்தியோடு நின்றுகொண்டு ஒருவன் ஏன் ஆறு உருவகம் அடுக்குகிறான் என்றும் கேளுங்கள். மனைவி அதைத்தான் கேட்கிறாள்: என்ன சொல்கிறாய் நீ?

இருட்டுக்கு ஏற்காட்டுப் பிள்ளைகளைப் பேச விடுங்கள். நாடகம் நடந்த குளோப் அரங்கு கூரை திறந்தது. மதியப் பகல் வெளிச்சத்தில் நடிப்பு. மின்விளக்கு வைத்து இருட்டாக்க வழியில்லை. எடப்பாடி, மேட்டூர்ப் பக்கம் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு ராத்திரி இலவசமாகக் கிடைக்கிறது. லண்டன்காரர்களுக்கு ராத்திரியை வசனத்தாலேயே கொண்டுவர வேண்டியிருந்தது. அதனால்தான் மேக்பெத்தில் இவ்வளவு இருட்டுப் பேச்சு. மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில் வெளிச்சம் கெட்டியாகிறது, காக்கை காட்டை நோக்கிச் சிறகடிக்கிறது என்கிறான் மேக்பெத். மலைப்பாதையில் மாலை நேரத்து மூடுபனிக்குள் பஸ் நுழைந்து, அடுத்த கொண்டை ஊசி வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு வெளிச்சம் எப்படிக் கெட்டியாகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் கீழே இருக்கும் சேலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். சொல்லி முடித்ததும் நாடகத்துக்குத் திரும்புங்கள். இதைச் சொல்லும்போது பாங்க்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியாகிவிட்டது, மனைவியிடம் அதை மறைக்கிறான். என்ன செய்யப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் இந்தக் காக்கையும் வெளிச்சமும் வருகின்றன.

தமிழ் அணிகளோடு ஒப்பிடுவதில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வோர் ஆங்கில அணிக்கும் ஒரு தமிழ் அணியை ஜோடி சேர்க்கும் அட்டவணை போடாதீர்கள். அது மறுபடியும் பெயர் சூட்டும் வேலைதான். காட்சியும் காட்சியும் பொருந்தும் இடத்தில் மட்டும் சேருங்கள். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையை நெருங்கும்போது மதில்மேல் ஆடும் கொடிகள் ‘வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’, அதாவது வராதே என்று கைகாட்டுவது போல ஆட, என்று வருவது எல்லோருக்கும் தெரிந்த தற்குறிப்பேற்றம்: இயல்பாக நடப்பதற்குக் கவிஞர் தன் அர்த்தத்தை ஏற்றிச் சொல்வது. டங்கன் வருகிறான் என்ற செய்தி கேட்டதும் லேடி மேக்பெத், என் கோட்டைக்குள் டங்கன் நுழையும் சாவைக் கரைந்து கரைந்து அண்டங்காக்கைக்கே தொண்டை கட்டிவிட்டது என்கிறாள். இரண்டிலும் சாகப் போகிறவன் வாசலுக்கு வருகிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. வித்தியாசம் பேசுபவரில் இருக்கிறது. கொடியின் அசைவுக்கு அர்த்தம் கற்பிப்பவர் இரக்கமுள்ள இளங்கோவடிகள். காக்கையின் குரலுக்கு அர்த்தம் கற்பிப்பவள் கொல்லத் துணிந்தவள். அடுத்த காட்சியிலேயே டங்கன் அந்தக் கோட்டையின் காற்று இதமாக இருக்கிறது என்று மெச்ச, கோயில்களில் கூடுகட்டும் தகைவிலான் குருவி இங்கே கூடு கட்டியிருக்கிறது, அதுவே நல்ல காற்றுக்குச் சாட்சி என்று பாங்க்கோ ஒத்து ஊதுகிறான். ஒரே கட்டடம், அவள் கண்ணில் அண்டங்காக்கை, இவர்கள் கண்ணில் தகைவிலான்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு உவமையை மட்டும் சொல்லும் பிறிது மொழிதலுக்கு இரண்டாம் அங்கம் நான்காம் காட்சி இருக்கிறது. உயரத்தில் பறந்த வல்லூறை எலி பிடிக்கும் ஆந்தை அடித்துக் கொன்றுவிட்டது என்கிறார் ஒரு கிழவர். டங்கன் பெயரையோ மேக்பெத் பெயரையோ அவர் எடுக்கவில்லை. மயிற்பீலியும் வண்டி அச்சும் பற்றி மட்டும் பேசிவிட்டு நிறுத்தும் 475-ஆம் குறள் மாதிரி. கொலை நடந்த மறுநாள், கொலைகாரன் யார் என்று வாய்விட்டுச் சொல்ல முடியாத ஊரில், பிறிது மொழிதல் வெறும் அழகுக்கு வருவதில்லை என்று இங்கே காட்டலாம்.

எதை விடலாம் என்றும் சொல்கிறேன். முதல் அங்கம் ஏழாம் காட்சியில் இரக்கம் புயல்மேல் ஏறிவரும் அம்மணக் குழந்தை என்று வரும் பகுதியை முதலாண்டில் ஆணி அடித்தாற்போல விளக்க முயலாதீர்கள். படித்துக் காட்டுங்கள், விசித்திரமாக இருக்கிறதா என்று கேளுங்கள், போய்விடுங்கள். பேசுபவன் மனம் குழம்பியிருக்கிறது, உருவகமும் குழம்பியிருக்கிறது, அது தெரிந்தால் இப்போதைக்குப் போதும். திரைப்பட வடிவத்தைப் பாடம் முடிந்த பிறகு காட்டுங்கள். முதலிலேயே பார்த்துவிட்டால் இருட்டையும் ரத்தத்தையும் கேமரா காட்டிவிடும், வசனம் அதற்கு அடிக்குறிப்பாகிவிடும். எந்த அங்கத்தில் எத்தனை உவமை என்று எண்ணச் சொல்லும் பயிற்சியும் வேண்டாம்.

வீட்டுப்பாடமாகச் செடிகொடியைக் கொடுங்கள், நீங்கள் நடத்தாமல். இரண்டு முனையை மட்டும் காட்டிவிடுங்கள்: முதல் அங்கம் நான்காம் காட்சியில் டங்கன், உன்னை நட்டிருக்கிறேன், வளர்த்துவிடப் பாடுபடுவேன் என்று மேக்பெத்திடம் சொல்வது, ஐந்தாம் அங்கத்தில் மேக்பெத், என் வாழ்க்கை சருகாகி மஞ்சள் இலையாகிவிட்டது என்பது. நடுவில் இருப்பதைக் காப்பித் தோட்டத்தில் நாற்று நட்டுப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் தலைமையில் குழுக்களாகத் தேடட்டும். பிர்னம் காடு நடந்து வருவதை இந்த இழையில் சேர்க்கலாமா கூடாதா என்ற தகராறு கட்டாயம் வரும். டங்கன் மகன் மால்கமின் வீரர்கள் அந்தக் காட்டிலிருந்து வெட்டிச் சுமப்பது உவமையில்லை, நிஜக் கிளை. எந்தக் கட்சி பேசினாலும் நாடகத்திலிருந்து வரி காட்டச் சொல்லுங்கள்.

தேர்வு விஷயம். ஐந்து மதிப்பெண் பதிலில் முதல் வாக்கியம் யார் யாரிடம் சொன்னது என்று இருக்கட்டும். அடுத்து எந்தப் பண்பால் ஒப்பீடு, வினையா பயனா மெய்யா உருவா. அதன்பிறகு இதே பொருள் நாடகத்தில் வேறெங்கே வந்தது, அங்கே யார் சொன்னார்கள். அணியின் பெயரைக் கடைசி வரியில் எழுதினால் போதும், எந்தத் திருத்துநரும் அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார். கல்லூரி உள்தேர்வுக்கு வினாத்தாள் எடுப்பது நீங்கள்தான் என்றால், ‘பின்வரும் வரியில் உள்ள அணியைச் சுட்டுக’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு இப்படி ஒன்று போட்டுப் பாருங்கள்: ராட்சசன் அங்கி பற்றிய வரியை ஆங்கஸுக்குப் பதிலாக மக்டஃப் சொல்லியிருந்தால் நாடகத்துக்கு என்ன லாபம், என்ன நஷ்டம்? மனைவி மக்களைப் பறிகொடுத்தவன் இவ்வளவு ஏளனமாகப் பேசுவானா என்று யாராவது எழுதியிருந்தால், இலக்கணப் பிழை நாலு இருந்தாலும் முழு மதிப்பெண் கொடுங்கள்.